லீவு முடியப் போகிறது, பகலில் குழந்தை யாரிடம் இருக்கும்?

மகனுக்கு மூன்றரை மாதம் இருக்கும்போது ஒரு நாள் ராத்திரி, அவனைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே என் கணவர் கேட்டார்: "இன்னும் அஞ்சு வாரம்தானே இருக்கு. அப்புறம் யார் பாத்துக்கறது?" அதுவரை இரண்டு பேருமே அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தோம். அம்மா வருவார், அத்தை வருவார், தெருமுனையில் கிரெச் இருக்கிறது, எப்படியாவது ஓடிவிடும் என்று ஒரு நினைப்பு. அந்த ஐந்து வாரம் போதவில்லை. இன்று மகனுக்கு நாலு வயது, மகளுக்குப் பதினோரு மாதம். இடையில் அம்மா, ஆயா, கிரெச், ஷிஃப்ட் மாற்றம் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். அலுவலகத்தில் இதே கேள்வியோடு வந்தவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏழாம் மாதத்திலேயே இதை உட்கார்ந்து பேசிவிடுங்கள். குழந்தை பிறந்த பிறகு பேசத் தூக்கமும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

முதலில் விடுப்புக் கணக்கு. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கேட்க ஆறு மாதம் என்று இருக்கிறது. ஆனால் எனக்கு எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். 6 வாரம் அதிலேயே போய்விட்டது. மிச்சம் 20 வாரம். அதாவது நாலரை மாதக் குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று உலக சுகாதார நிறுவனத்திலிருந்து வார்டு நர்ஸ் வரை எல்லோரும் சொல்வது நமக்குத் தெரியும். தமிழக அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 முதல் ஒரு வருட விடுப்பு. அவர்கள் நடக்கப் பழகும் குழந்தையை விட்டுப் போகிறார்கள், நாங்கள் குப்புற விழப் பழகும் குழந்தையை விட்டுப் போகிறோம். அவர்களுக்குச் சரியாக வரும் ஏற்பாடு எங்களுக்கு வராது. அதனால் நீங்கள் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த ஏற்பாட்டையும் நல்ல நாளை வைத்துப் பார்க்காதீர்கள். குழந்தை சிரித்துக்கொண்டு எழுந்து, சாப்பிட்டு, சமத்தாகத் தூங்கும் நாளில் எல்லா வழியும் நன்றாகத்தான் ஓடும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் குழந்தையின் நெற்றி சுடுகிறது, அல்லது பார்த்துக்கொள்பவர் வரவில்லை. அப்போது என்ன நடக்கும்? யார் லீவு போடுவார்கள், யாரைக் கூப்பிட முடியும், குழந்தை யார் கையில் இருக்கும்? நான் இந்த ஒரு நாளை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறேன். செலவெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது அம்மா. சங்கரன்கோவிலிலிருந்து ஒரு சூட்கேஸ், அரிசி மாவு டப்பா, பழைய நூல் சேலைகள் நாலு என்று மேற்குத் தாம்பரம் வந்து இறங்கினார். மகனுக்கு நாலரை மாதத்திலிருந்து பதின்மூன்று மாதம் வரை அவர்தான் பார்த்துக்கொண்டார். அந்த எட்டரை மாதத்துக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் போட்டுக் குளிப்பாட்டுவார். தூளி கட்ட அவருடைய சேலைதான் வேண்டும், வேறு துணியில் அவன் தூங்க மாட்டான். காய்ச்சல் வந்த நாளில் எனக்கு போன் வரும்போதே, "உடம்பைத் துடைச்சு விட்டேன், பால் குடிச்சுட்டான், நீ வேலையை முடிச்சுட்டு வாட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். நான் வைத்த அந்தக் கேள்வியில் பாட்டிக்குத்தான் முதலிடம்.

ஆனால் அதன் விலையை நாங்கள் யாரும் அப்போது பார்க்கவில்லை. ஒரு நாள் தலைவலி என்று மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். அம்மா தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மகன் தூக்கம். பக்கத்தில் தட்டில் போட்ட சோறு காய்ந்து விறைத்துக் கிடந்தது. "எடுத்துக் கெடத்துனா முழிச்சுக்கிடுவான், கெடக்கட்டும்னு இருந்துட்டேன்" என்றார். நான் அவனை வாங்கிக்கொண்டதும் எழுந்தார். முதலில் கட்டில் காலைப் பிடித்து ஒரு முழங்காலை ஊன்றினார், அப்புறம் ஜன்னல் கம்பி, அப்புறம்தான் நிமிர்ந்தார். அவருக்கு 61 வயது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் குழந்தையை எத்தனை தடவை குனிந்து தூக்குகிறார் என்று எண்ணினேன். மதியச் சாப்பாட்டுக்குள் 23 தடவை. எட்டரை கிலோ குழந்தை.

ஊரில் அப்பா தனியாக இருந்தார். சர்க்கரைக்காரர். மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டதில் சர்க்கரை ஏறிக் காலில் புண் ஆறாமல் கிடந்ததை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அம்மாவிடம் "வர முடியுமா?" என்று நான் கேட்கவே இல்லை. "எப்ப வர்றீங்க?" என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அதனால் பாட்டியை நம்பி முடிவெடுப்பவர்களிடம் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் அவரிடம் கேளுங்கள், "முடியாது" என்று சொல்ல இடம் கொடுத்துக் கேளுங்கள். எத்தனை மாதம் என்று முன்பே பேசுங்கள். தாத்தாவும் கூட வர முடியுமா, வந்தால் அவருக்கு இந்த ஊரில் பொழுது எப்படிப் போகும் என்று யோசியுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் போடுங்கள். குழந்தையையும் பார்த்து, சமையலும் செய்து, துணியும் மடித்து வைக்கும் பாட்டியைப் பார்த்து நாம் பெருமைப்படக் கூடாது. சாயங்காலம் நீங்கள் வந்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள், கை கால் கழுவின கையோடு. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முழு லீவு.

பாட்டியோடு வரும் இன்னொரு சிக்கல் வளர்ப்பு முறை. எங்கள் வீட்டில் அது வசம்பு. உரை மருந்து கொடுத்தால்தான் வயிறு சரியாக இருக்கும் என்பது அம்மாவின் உறுதி. நாக்கில் தேன் தடவுவதும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி சின்னக் குழந்தையின் குடலில் பெருகி நரம்பையே பாதிக்கும் என்று நான் எத்தனை முறை சொல்லியும் எடுபடவில்லை. தடுப்பூசிக்குப் போனபோது அம்மாவையும் கூட்டிப்போய், டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அதோடு பேச்சு முடிந்தது. மகள் சொன்னால் அது சண்டை, டாக்டர் சொன்னால் அது வைத்தியம். மாமியாராக இருந்தால் இது இன்னும் நாசூக்கான விஷயம், கணவர்தான் பேச வேண்டும். அங்கே மருமகளை முன்னால் தள்ளிவிடாதீர்கள்.

குழந்தையை ஊருக்கே அனுப்பிவிடுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இதில் என் எண்ணம் தெளிவு: மூன்று வயதுக்குள் வேண்டாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் பத்து மாதக் குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டார். தினமும் வீடியோ காலில் பேசுவார். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது குழந்தை பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தார். இரண்டு பேருக்கும் ராத்திரி வேலை, வேறு வழியே இல்லை என்பவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். வேறு வழி இருந்தால் அதைப் பாருங்கள்.

அம்மா ஊருக்குப் போன பிறகு ஆயா. ஏஜென்சி மூலமாக வந்தார், கமிஷனாக ஒரு மாதச் சம்பளம் அவர்களுக்கு. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஏழு வரை, மாதம் 16,000 ரூபாய். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். குழந்தை தன் வீட்டில், தன் தூளியில், தன் தட்டில். நாலு குழந்தைகளோடு கலக்காததால் சளி காய்ச்சலும் குறைவு. ஒன்றரை வயதுக்குள் இது பெரிய லாபம். காய்ச்சல் என்றாலும் அவர் வருவார், கிரெச் மாதிரித் திருப்பி அனுப்ப மாட்டார்.

ஆனால் அவர் வராத நாளில்? ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை எட்டரை, எட்டே முக்கால், ஒன்பது. போன் ஸ்விட்ச் ஆஃப். நான் ஆபீஸ் சேலையில் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன், கணவர் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டார். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அவருடைய மகளுக்குத் திடீரென்று குறைப்பிரசவம், ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? என் மகனைப் பார்த்துக்கொள்ள அவர் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர். மூன்று வாரம் கழித்து வந்து மன்னிப்புக் கேட்டபோது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவருக்கும் லீவு தேவைப்படும் என்பதை ஏற்பாட்டிலேயே சேர்க்காதது எங்கள் தவறு. மாதம் நாலு நாள் சம்பளத்தோடு லீவு, அந்த நாட்களில் யார் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஆதார் நகல், அவர் வீட்டில் இன்னொருவருடைய போன் நம்பர், இரண்டும் கையில் இருக்கட்டும். வீட்டில் கேமரா வைப்பதாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். ஒளித்துவைத்து ஒருவரைக் கண்காணித்துக்கொண்டு, அவர் கையிலேயே குழந்தையைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

டி.வி. விஷயத்திலும் தவறு எங்களுடையதுதான். மதியம் சீரியல் ஓடும், மகனும் பார்ப்பான். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பது நம் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. ஆனால் பத்தரை மணி நேரம் ஒரு குழந்தையோடு தனியாக என்ன செய்வது என்று அந்த அக்காவுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தோமா? இல்லை. அப்புறம் பதினொரு மணிக்கு மொட்டைமாடி, நாலரைக்குப் பார்க், நடுவில் பாத்திரங்களைக் கொட்டிக் கொடுத்து விளையாட்டு என்று ஒரு வழக்கம் வைத்தோம். டி.வி. தானாகக் குறைந்தது.

கிரெச்சுக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பயம் அதிகம் இருப்பது இதில்தான்.

மகனைப் பதினெட்டு மாதத்தில் சேர்த்தோம். அதற்கு முன் ஐந்து இடம் பார்த்தேன். காலை பத்து மணிக்கு எந்தக் கிரெச்சும் அழகாக இருக்கும். குழந்தைகள் குளித்து வந்திருக்கும், ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள், சுவரெல்லாம் யானை, பட்டாம்பூச்சி. நீங்கள் போக வேண்டியது மதியம் ஒன்றரை மணிக்கும், சாயங்காலம் ஐந்தரை மணிக்கும். ஒன்றரைக்குத் தூங்க வைக்கும் நேரம். தூங்காத குழந்தையை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்தரைக்கு எல்லோரும் களைத்திருப்பார்கள், பாதி ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். ஓர் இடத்தில் அந்த நேரத்துக்குப் போனபோது ஏழு குழந்தைகள் டி.வி. முன்னால், ஒரே ஒரு பெண் போனைப் பார்த்தபடி வாசலில். காலையில் மிகவும் பிடித்திருந்த இடம் அது. இன்னொரு இடத்தில், சுவரில் வண்ணமே இல்லை, ஆனால் அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்த அம்மா எங்களோடு பேசினார். அவர் அங்கே ஆறு வருடமாக வேலை செய்கிறார் என்றார்கள். நாங்கள் சேர்த்தது அங்கேதான். ஆள் அடிக்கடி மாறாத இடம் என்பது சுவர் ஓவியத்தைவிடப் பெரிய விஷயம். குழந்தைக்குத் தெரிந்தது அந்த முகம் மட்டும்தானே.

கழிவறைக்குப் போய்ப் பாருங்கள், வாடை சொல்லிவிடும். மாடிப்படிக்குக் கதவு உண்டா, தண்ணீர் வாளிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். யார் வந்தால் குழந்தையைக் கொடுப்பார்கள் என்று கேளுங்கள், பதில் தடுமாறக் கூடாது. மருந்து நம்மைக் கேட்காமல் கொடுக்க மாட்டார்கள் என்பதை வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே ஒருவருக்கு நாலு குழந்தைக்கு மேல் என்றால் நான் சேர்க்க மாட்டேன்.

சேர்க்கும்போது இரண்டு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, அம்மா கண்ணிலிருந்து மறைந்தாலே அழும் பருவம். அதற்குள் புது இடத்தில் சேர்ப்பது இரண்டு பக்கமும் கஷ்டம். நாங்கள் முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம், நானும் கூடவே. அப்புறம் இரண்டு மணி நேரம், நான் வாசலில். முதல் முழு நாள் அன்று மகன் அழவில்லை. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பையைக் கழற்ற விடவில்லை. சாயங்காலம் போனபோதும் பை தோளிலேயே இருந்தது, சாப்பிட்டானாம், தூங்கினானாம், எல்லாம் பையோடு. ஒன்பதாம் நாள் பையைத் தானே ஆணியில் மாட்டினான். அந்த அம்மா எனக்கு போன் போட்டுச் சொன்னார்.

இனி காய்ச்சல் நாள். கிரெச்சின் பலவீனம் இதுதான். காலை 11.20க்கு போன் வரும்: "கொஞ்சம் சுடுது மேடம், வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" காய்ச்சல் குழந்தையை வைத்துக்கொள்ள மாட்டார்கள், அது நியாயம்தான், மற்றக் குழந்தைகளுக்கும் வரும். புதிதாகச் சேர்ந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் சளி, காய்ச்சல் மாறி மாறி வரும். கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோயும் ஒரு சுற்று வந்தது, ஒரு வாரம் வீட்டில். முதல் ஆறு மாதத்தில் நானும் அவரும் சேர்ந்து 17 நாள் லீவு போட்டோம். அப்புறம் குறைந்துவிட்டது. இதை முன்பே எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த வருட லீவைச் சேர்த்து வைத்திருப்போம். கிரெச்சுக்கு மாதம் 9,000 என்று கணக்குப் போடுபவர்கள் இந்த 17 நாளையும் கணக்கில் சேருங்கள். அதோடு, கிரெச் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். யாருக்கு முடிகிறதோ அவர் போய்க் கூட்டிவரலாம், பக்கத்து வீட்டுக்காரரும் உதவிக்குப் போகலாம்.

அதே 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் கிரெச் வசதி செய்துதர வேண்டும், அம்மா ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்து வரலாம் என்கிறது. கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று மேலே சொன்னதற்கு இது மட்டும் விதிவிலக்கு. ஆறு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. கார் வசதி உள்ளவர்களுக்கும், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு உள்ளவர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். எனக்கு ஒத்துவரவில்லை. காலை எட்டே முக்கால் தாம்பரம் ரயிலில் கைக்குழந்தையோடு கிண்டி வரை போக என்னால் முடியாது.

பால் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போனால் தாய்ப்பால் நிற்க வேண்டியதில்லை. பீய்ச்சி எடுத்த பால் ஃபிரிட்ஜின் உள்பகுதியில், கதவில் இல்லாமல், 4 நாள் வரை இருக்கும். நம் ஊர் வெயிலில் வெளியே வைக்கவே வேண்டாம். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். அம்மா புட்டி இல்லாமல் பாலாடையிலேயே கொடுத்துப் பழக்கினார். கழுவுவதும் சுலபம்.

அங்கன்வாடியை நம்மில் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பால்வாடி என்று இன்றும் வாயில் வரும், அது நமக்கில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தத் திட்டம் நாட்டில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேல் மையங்கள். ஆறு மாதத்திலிருந்து குழந்தைகளுக்குச் சத்துமாவு, இரண்டு வயதுக்கு மேல் வருகிறவர்களுக்கு மதியம் சூடான சாப்பாடு, வாரம் மூன்று முட்டை. எடை பார்த்து அட்டையில் குறித்து வைக்கிறார்கள். எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் போகிறாள். அவளோடு ஒரு நாள் நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். தரை சுத்தம், ஜன்னல் பெரியது, பதினான்கு குழந்தைகள் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். குறை இரண்டு. பணியாளர்களுக்குக் கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று பளு அதிகம், அந்த நாட்களில் உதவியாளர் மட்டும் இருப்பார். இரண்டாவது நேரம். வேலைக்குப் போகும் அம்மா ஏழு மணிக்குத்தான் வருவார், மையம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். சாயங்காலத்துக்கு வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால், இரண்டரை வயதுக் குழந்தைக்கு இது அருமையான ஏற்பாடு. செலவே இல்லை. உங்கள் வார்டு மையத்தை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்காது.

யாராவது ஒருவர் வேலையை விட்டுவிடலாமே என்ற பேச்சும் வரும். அந்த "யாராவது" என்பது எப்போதும் அம்மாதான். "உன் சம்பளத்துல பாதி கிரெச்சுக்கே போகுது, அதுக்கு வீட்டிலயே இருக்கலாமே" என்று என் சொந்தத்திலேயே சொன்னார்கள். இந்தக் கணக்கே தவறு. குழந்தை இரண்டு பேருக்கும் சொந்தம் என்றால் கிரெச் பணமும் இரண்டு சம்பளத்திலிருந்தும்தான் போகிறது. மூன்று வருடம் விட்டால் அந்த மூன்று வருடச் சம்பளம் மட்டும் போகாது, பி.எஃப்., பதவி உயர்வு, திரும்ப உள்ளே நுழைவது எல்லாம் சேர்ந்து போகும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, குழந்தையோடு இருக்கத்தான் ஆசை என்று ஒருவர் முடிவெடுத்தால் அது நல்ல முடிவு. அவர் பெயரில் மாதாமாதம் ஒரு தொகை கணக்கில் விழட்டும். ராத்திரி எழுந்திருப்பதை மற்றவர் பாதி எடுத்துக்கொள்ளட்டும். அப்பா வீட்டில் இருக்கும் ஏற்பாட்டையும் பேசிப் பாருங்கள். என் கணவர் இரண்டாம் ஷிஃப்டில் இருந்த நாலு மாதம் காலை முழுக்க மகன் அவரிடம்தான். மதியம் கிரெச். அந்த நாலு மாதத்தில்தான் அப்பாவும் மகனும் நெருங்கினார்கள். ஆனால் பதினோரு மணிக்கு வந்து படுத்து ஆறுக்கு எழுந்து அவர் இளைத்துப்போனார், நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும்.

இத்தனையும் பார்த்துவிட்டு மகளுக்கு எங்கள் முடிவு இது. ஒன்றரை வயது வரை வீட்டில்தான், ஆனால் இரண்டு பேர் பொறுப்பில். காலை எட்டிலிருந்து இரண்டு வரை ஓர் அக்கா வருகிறார். தூக்குவது, குளிப்பாட்டுவது, துணி எல்லாம் அவர். கூட ஒரு பாட்டி. அம்மா ஆறு வாரம், என் மாமியார் ஆறு வாரம், மாறி மாறி. அக்கா வராத நாளில் பாட்டி இருக்கிறார், பாட்டிக்கு முடியாத நாளில் அக்கா ஏழு வரை இருப்பார், அதற்குத் தனிப் பணம். இரண்டு பேரும் இல்லாத நாள் இதுவரை ஒன்றுதான் வந்தது, அன்று என் கணவர் லீவு போட்டார். ஒற்றைப்படை மாதத்தில் நான், இரட்டைப்படை மாதத்தில் அவர் என்று முன்பே பிரித்திருக்கிறோம். ஒன்றரை வயதில் அண்ணன் போன அதே கிரெச். பாட்டியோ ஆயாவோ கிடைக்காதவர்கள் ஆறு ஏழு மாதத்திலேயே கிரெச்சில் சேர்க்க வேண்டி வரும். குற்ற உணர்ச்சி வேண்டாம், ஆட்கள் மாறாத இடமாகப் பார்த்துச் சேருங்கள், லீவைச் சேர்த்து வையுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எங்கள் இருவர் நம்பர், கீழ்வீட்டு நம்பர், டாக்டர் நம்பர், 108. மகளின் எடை, அந்த எடைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று டாக்டர் எழுதிக்கொடுத்தது. எடை மாறும்போது தாளும் மாறும்.

அடுத்த வியாழக்கிழமை அம்மா பொதிகை ரயிலில் ஊருக்குக் கிளம்புகிறார். மகள் கைக்குப் பழகட்டும் என்று மாமியார் மூன்று நாள் முன்பே வந்துவிடுவார். டிக்கெட்டைக் கீழ் பெர்த்தாகவே போட்டாயிற்று. சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு அப்பா வந்து நிற்பாராம், ஆட்டோ வேண்டாம் என்று இப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.